கட்டிலுக்கு ஒரு கடிதம்

அண்ணாச்சியை நான் முதன்முதலில் பார்த்தது என் வார்டில்தான். அவர் அப்போது தென்சென்னையில் ஒரு தொகுதிக்குப் புதிதாக ஜெயித்திருந்த எம்.எல்.ஏ. நான் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு சிஸ்டர். கட்சிக்காரர் ஒருவரின் மனைவி காய்ச்சலோடு சேர்ந்திருந்தாள். அவளைப் பார்க்க, சாத்துக்குடிப் பையோடு நாலைந்து பேர் சூழ வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர் என்று பார்த்தால் தெரியாது.

நலம் விசாரித்துவிட்டுத் திரும்பியபோது, அந்தக் கட்டிலை ஒட்டித் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த பெண்ணின் காலை மிதிக்க இருந்தார். சட்டென்று பின்வாங்கி என்னிடம் கேட்டார்.

“இந்தம்மா ஏன் தரையில கிடக்காங்க?”

அன்று எனக்குத் தொடர்ந்து பதினாறாவது மணி நேர வேலை. வராத ஒருத்திக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். இல்லாவிட்டால் அப்படிப் பேசியிருக்கமாட்டேன்.

“சார், முதல்ல வந்தது இவங்கதான். இந்தக் கட்டில் இவங்களுக்குத்தான் வரவேண்டியது. நடுவுல உங்க லெட்டர் வந்துச்சு.”

கூட வந்தவர்கள் என்னை முறைத்தார்கள். அவர் முறைக்கவில்லை. தரையில் கிடந்த பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிளம்பிப் போய்விட்டார். எனக்கு மாற்றல் உத்தரவு வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த வருடம் மூட்டு தேய்ந்துபோய் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மந்தைவெளியில் வீட்டோடு இருந்தபோது, அவரிடமிருந்து ஆள் வந்தது. லஸ் பக்கத்தில் இருந்த தொகுதி அலுவலகத்துக்குப் போனேன்.

“உக்காருங்க சிஸ்டர். அன்னைக்கு நீங்க சொன்னது என் மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது. ஆஸ்பத்திரி சமாச்சாரம் எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வந்து சொல்லித் தாங்க” என்றார்.

இப்படித்தான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கு மட்டும் சார். அவருக்கு நான் கடைசிவரை சிஸ்டர்.

அலுவலகத்துக்குக் காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி விஷயமாகத்தான் வருவார்கள். அவர்களுக்காக ஒரே மாதிரியான கடிதம் ஒன்று இருந்தது. ‘இக்கடிதம் கொண்டுவரும் திருமதி இன்னார் எனது தொகுதியைச் சேர்ந்தவர். இவருக்குப் படுக்கை வசதி அளித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ அண்ணாச்சி சட்டசபைக்கோ கடைக்கோ போய்விட்டால் ஆட்கள் காத்திருக்கக்கூடாது என்று லெட்டர்பேடில் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பார். பெயரையும் நோயையும் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வார்டில் இருந்தபோது இந்தக் கடிதங்கள் வந்து விழும் இடம் எனக்குத் தெரியும். இப்போது அவை புறப்படும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவரைப் பழமைவாதி என்று பத்திரிகைகள் எழுதும். அவர் அதை மறுத்ததில்லை. ‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார். பெற்றவர்களைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும், சர்க்கார் பார்க்கக் கூடாது என்பார். சுகாதார நிலையங்களில் வயதுப் பெண்களுக்கு உடம்பைப் பற்றியும் கருத்தடை பற்றியும் சொல்லித்தர ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்கச் சொல்லி, ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

“இது வீட்டுல அம்மா பேச வேண்டியது சிஸ்டர். சபையில என் வாயால வராது.”

“எந்த வீட்டுல பேசுறாங்க சார்? பதினாறு வயசுப் பொண்ணுங்க என் வார்டுக்கு எந்த நிலைமையில வந்தாங்க தெரியுமா?”

“தெரியாது. ஆனா வராது” என்றார். அந்தக் குறிப்பை அதற்குப் பிறகு இரண்டு முறை கொடுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் கொடுக்கத் தெம்பு இல்லை.

ஆனால் கட்டில் விஷயத்தில் அவர் விடவில்லை. அது அவர் மனதுக்குப் புரிந்த விஷயம். “என் கடையில ஆடித் தள்ளுபடிக்கு ஜனம் வரிசையில நிக்குதாங்க. என் மச்சானே வந்தாலும் வரிசைதான். துணிக்கே அப்படின்னா உசுருக்கு எப்படி இருக்கணும்?” என்பார். எந்த நோயாளிக்குக் கட்டில் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், எம்.எல்.ஏ. சொல்லக் கூடாது. இதுதான் அவர் கொள்கை. இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்றார்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு வரைவு எழுதினோம். ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் கேஷுவாலிட்டி வாசலில் ஒரு பலகை இருக்க வேண்டும். எந்த வார்டில் எத்தனை கட்டில், எத்தனை காலி, காத்திருப்பவர்கள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு அவசரம் என்று டாக்டர் போட்ட வரிசை எண், எல்லாம் அதில் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகளின் சிபாரிசுக் கடிதத்தை ஆஸ்பத்திரி வாங்கக் கூடாது. மீறி வந்தால் அந்தக் கடிதத்தையும் அதே பலகையில் ஒட்ட வேண்டும். கடைசி வரி என்னுடையது. அதைப் படித்துவிட்டு அண்ணாச்சி சிரித்தார். “கோட்டையில என்னைக் கொன்னுருவாங்க. இருக்கட்டும், அடிக்காதீங்க” என்றார்.

இன்னொரு வரியையும் நான் எழுதியிருந்தேன். கட்டில்களையும் நர்சுகளையும் அதிகமாக்க வேண்டும் என்று. அதை அவர் அடித்துவிட்டார்.

“கூட்டிக் கேட்டா பணம் இல்லம்பாங்க. அதோட நம்ம பேச்சு முடிஞ்சிரும். வரிசையைச் சரி பண்ணுன்னா என்ன சாக்குச் சொல்லுவாங்க?”

“கட்டிலே இல்லாம வரிசை மட்டும் ஒழுங்கா இருந்து என்ன சார் பிரயோசனம்? எல்லாரும் ஒழுங்கா தரையில கிடப்பாங்க.”

“முதல்ல ஒழுங்கு வரட்டும்.”

நாங்கள் இதைப் பற்றி மாதக்கணக்கில் சண்டை போட்டோம். ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். “உங்களுக்கு முடியலைன்னா நீங்க அங்கயா சார் வரப்போறீங்க?” அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “இல்லை. தனியாருக்குத்தான் போவேன். அதனாலதான் உங்களைக் கேக்குதேன்” என்றார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தன்னைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

சுகாதார மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச அவருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். பலகையைப் பற்றிச் சொல்லி முடித்து வரிசை எண்ணுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் ஜவுளிக்கடை வரிசையை உதாரணமாகச் சொல்லியிருந்தார். பின்னால் பேசிய ஒருவர், “உறுப்பினர் மருத்துவமனைக்கும் ஆடித் தள்ளுபடி கேட்கிறாரா?” என்றார். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அமைச்சர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். பரிசீலிக்கப்படும் என்றார். தனி உறுப்பினர் மசோதாவாகக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு முறை பட்டியலில் வந்தது. இரண்டு முறையும் அதன் முறை வருவதற்குள் அன்றைய சபை முடிந்துவிட்டது.

இரண்டாவது முறை திரும்பி வரும்போது காரில் அண்ணாச்சி சொன்னார். “லெட்டரை அவங்க நிறுத்துதப்ப நிறுத்தட்டும். நாம முதல்ல நிறுத்துவோம்.”

மறுநாள் அலுவலக வாசலில் ஓர் அட்டை தொங்கியது. மருத்துவமனைப் படுக்கைக்குப் பரிந்துரைக் கடிதம் வழங்கப்படமாட்டாது. கடிதத்துக்குப் பதிலாக நான் இருந்தேன். வருகிறவர்களிடம் எந்த வாசலில் நிற்க வேண்டும், எந்தச் சீட்டு வாங்க வேண்டும், டியூட்டி டாக்டரிடம் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். முடிந்தால் கூடவே போவேன்.

வட்டச் செயலாளர் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், கட்சிக்காகப் பல வருடம் போஸ்டர் ஒட்டியவர்.

“இன்னா சிஸ்டர் இது? ஓட்டு வாணாமா? ஜனங்க நம்மளாண்ட இன்னா கேட்டுக்கினு வர்றாங்க? ஒரு லெட்டரு. அத்த கூட குடுக்கலன்னா நா எப்டி தெருவுல நடக்கறது?”

“லெட்டர் கொடுத்தா இன்னொருத்தர் தரையில படுக்கணும்ங்க.”

“படுக்கறவன் நம்ம தொகுதி இல்லியே!” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம்கூட இருந்தது. எங்கள் தொகுதி ஜனங்கள் மட்டும் கடிதம் இல்லாமல் போனார்கள். மற்ற தொகுதிக்காரர்கள் கடிதத்தோடு வந்தார்கள்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் தன் மனைவிக்காக வந்தார். அவளுக்கு மூச்சுத் திணறல். பல வருடமாக என் யூனிபாரத்தைத் தேய்த்துக் கொடுத்தவர். கடிதம் இல்லை என்று சொல்லிவிட்டு நானே அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கட்டில் இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் அவள் பாயில் கிடந்தாள். பிறகு கட்டில் கிடைத்தது. பிழைத்து வீட்டுக்கும் வந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து நான் துணி கொண்டுபோனபோது அவர் வாங்கவில்லை.

“பொழச்சிக்கினா சிஸ்டர், இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க கூட கீறீங்கன்னு நம்பிக்கினு வந்தேன். தரையில போட்டுட்டீங்களே.”

அன்றிலிருந்து என் புடவைகளை நானே தேய்த்துக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் என் தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

அவள் கணவனை இழந்தவள். பிள்ளைகள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் ஒற்றை அறையில் இருந்தாள். காலையில் போன் செய்தாள். பேச்சு பாதியில் பாதியில் நின்றது. போய்ப் பார்த்தால் கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இதயம் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. ஆட்டோவில் போட்டு, நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஊரெல்லாம் காய்ச்சல். வார்டு வழிந்துகொண்டிருந்தது. கேஷுவாலிட்டியில் ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். வார்டில் ஒரு கட்டில் மதியம் காலியாகும், அதற்கு ஏற்கெனவே ஒருவர் காத்திருக்கிறார், தங்கையைப் பாயில்தான் போட வேண்டும் என்றார் டியூட்டி டாக்டர். ரொம்பவும் சின்னப் பெண். கண்ணெல்லாம் தூக்கம். “சாரி சிஸ்டர்” என்றாள். நான் அவளிடம் வாதாடவில்லை. அவள் இடத்தில் நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன்.

வராந்தாவில் பாயை விரித்தேன். படுக்க வைத்தால் தங்கைக்கு மூச்சு முட்டியது. சாய்த்து உட்கார வைக்கச் சுவர் ஈரமாக இருந்தது. கட்டில் என்றால் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கலாம். தரையில் நான்தான் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகு என் நெஞ்சில் ஏறி ஏறி இறங்கியது. இஸ்திரிக்காரரிடம் நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள், முறை வரும், டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பக்கத்திலிருந்த ஒருத்தியிடம் தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தேன். ஆட்டோ பிடித்து லஸ்ஸுக்குப் போனேன். அண்ணாச்சி சட்டசபையில் இருந்தார். அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. என்னிடம் சாவி இருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய பைல்களுக்கு அடியில் அவர் கையெழுத்துப் போட்டு வைத்த லெட்டர்பேடு தாள்கள் இன்னும் கிடந்தன. கிழித்துப்போட மறந்திருந்தோம். மறக்கவில்லை என்றும் சொல்லலாம். அவை அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

ஒரு தாளை எடுத்து அந்தப் பழைய வாசகத்தைத் தட்டச்சு செய்தேன். பார்க்காமலே அடிக்கிற அளவுக்குப் பழகிய வாசகம் அது.

திரும்பிப் போய்க் கடிதத்தை ஆஸ்பத்திரி ஆபீசில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தங்கை கட்டிலில் இருந்தாள். தலைப்பக்கத்தை உயர்த்தியதும் மூச்சு கொஞ்சம் சீரானது. என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அந்தக் கட்டிலுக்காகக் காத்திருந்த பெண்மணி வாசலோரம் ஒரு பெஞ்சில் சாய்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் மகள், ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் துணிப்பை. கட்டில் தயாராகிறது என்று காலையில் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. பையைக் கட்டி வைத்துக்கொண்டு எழுந்து நிற்கவும் தயாராக இருந்தாள். என்னிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, நாங்க நேத்து சாய்ந்தரமே வந்துட்டோம். உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?”

அவள் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தன் அம்மாவுக்கும் அதைச் செய்யலாமே என்று.

“டாக்டர்தான்மா சொன்னாங்க. கண்டிஷன் மோசமா இருந்துச்சு” என்றேன்.

“எங்கம்மாவுக்கும் மோசம்தானே?” என்றாள்.

நான் தங்கையின் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்த பெஞ்ச் காலியாக இருந்தது. யாரிடமும் நான் கேட்கவில்லை. எந்த ரிஜிஸ்டர் எந்த மேசையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய்ப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பார்க்கவில்லை.

பத்து நாளில் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் இருக்கிறாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். எப்படிக் கட்டில் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியாது.

அண்ணாச்சியிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தரமணியில் ஒரு கல்வி நிலையத்தில் கூட்டம் என்று அவரோடு காரில் போய்க்கொண்டிருந்தேன். கோட்டூர்புரம் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். டிரைவரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

“என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியல சிஸ்டர்.”

“அதனாலதான் சார் கேக்கல.”

பிறகு கேட்டார்.

“அந்தம்மா?”

“தெரியாது சார்.”

“விசாரிக்கலியா?”

“இல்லை.”

“விசாரிங்க” என்றார். அதட்டவில்லை. ஆனால் அவர் என்னிடம் உத்தரவு மாதிரிச் சொன்னது அது ஒன்றுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். நோயாளியின் விருப்பத்தின் பேரில் வெளியேறினார் என்று எழுதியிருந்தது. கட்டில் கிடைக்காமல் திரும்பிப் போனவர்களுக்கும் எங்கள் ஆட்கள் ரிஜிஸ்டரில் எழுதும் வழக்கமான வரி. வார்டில் நானே அதை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். திருவல்லிக்கேணி விலாசம். வெளியூர் ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன்களுக்கு நடுவே ஒரு சந்து. நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரப் பெண் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவங்களா? அந்தம்மா தவறி பத்து பன்னெண்டு நாளு ஆவுது. ஆஸ்பத்திரில எடமில்லேன்னு கூட்டிக்கினு வந்துச்சு பொண்ணு. வந்த மூணாம் நாளு போய்ட்டாங்க. பொண்ணு மாமியார் ஊட்டாண்ட போய்ட்ச்சு. நீங்க இன்னா, சொந்தமா?”

“தெரிஞ்சவங்க” என்றேன்.

அந்தக் கட்டில் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டுவிட்டேன். கட்டிலில் இறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தரையில் கிடந்து பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இத்தனை வருட வேலை இந்த ஒரு கேள்விக்கு எனக்கு உதவவில்லை.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். ராஜினாமா மாதிரி சாவியையும் மேசையில் வைத்தேன். அவர் சாவியைத் தொடவில்லை. அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த கையெழுத்துத் தாள்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகக் கிழித்தார்.

“இதை நான் சபையில சொல்லப்போறேன்” என்றார்.

“சார், வேண்டாம். தப்பு என்னுது.”

“வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டு வச்சது யாரு? நீங்களா?”

அடுத்த மானியக் கோரிக்கையில் அவர் முறை வந்தது. இந்த முறை தாளே வைத்துக்கொள்ளாமல் எழுந்தார்.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, போன மழைக்காலத்தில் என் கையெழுத்துள்ள ஒரு கடிதம் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனது. அதனால் ஒருவருக்குக் கட்டில் கிடைத்தது. அதே கட்டிலுக்காக முன்பே காத்திருந்த ஒரு பெண்மணி வீட்டுக்குத் திரும்பிப் போய் இறந்துபோனார். அவர் பெயரை அவர் இறந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். இப்படித் தன் கடிதத்தால் நடந்ததில்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் நம்மில் யாரும் விசாரித்ததில்லை.”

இந்த முறை யாரும் மேசையைத் தட்டவில்லை. மாடத்தில் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில் வந்தது. எதிர்த்தரப்பினர் அவர் தொகுதி முழுவதும் போஸ்டர் ஒட்டினார்கள். கொலைகாரன் என்று கூட எழுதினார்கள். கட்சித் தலைமை அவரைக் கூப்பிட்டு, இதையெல்லாம் யார் உங்களைச் சொல்லச் சொன்னது என்று கேட்டது. வட்டச் செயலாளர் என்னிடம் வந்து, “தன் கையாலேயே மண்ண வாரிப் போட்டுக்கினாரே மனுஷன்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமைச்சர் மட்டும் அவரைத் தனியாக அழைத்துப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சட்டம் இல்லை, சுற்றறிக்கைதான். அரசு ஆஸ்பத்திரி வாசல்களில் படுக்கை விவரப் பலகை வைக்க வேண்டும் என்று. சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பலகைகள் வந்தன. சில இடங்களில் தினமும் எழுதுகிறார்கள். சில இடங்களில் எழுதுவதில்லை. கடிதங்கள் குறைந்துவிட்டன, அது உண்மை. இப்போது போனில் பேசுகிறார்கள்.

அடுத்த தேர்தலில் அண்ணாச்சிக்கு சீட் கொடுக்கவில்லை. அலுவலகத்தைக் காலி செய்த அன்று அவர் வரவில்லை. பைல்களை நானும் வட்டச் செயலாளரும் அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கட்டினோம்.

போன மாதம் தி.நகர் கடைக்கு வரச்சொல்லி போன் செய்தார். முகூர்த்த நாள் நெருங்குகிற சமயம். மாடிப்படியில் ஏறவே இடமில்லை. பட்டுப் பிரிவில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். காபி வரவழைத்தார்.

“நாம செஞ்சதுல ஏதாவது மிச்சம் இருக்கா சிஸ்டர்? நீங்க அந்தப் பக்கம் போவீங்கல்லா?”

“பலகை இருக்கு சார்.”

“என்ன எழுதியிருக்கு?”

“காலி இல்லைன்னு. நான் போறப்பல்லாம் அப்படித்தான் இருக்கு.”

கொஞ்ச நேரம் காபி டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க எழுதின அந்த வரியை நான் அடிச்சிருக்கக் கூடாது. கட்டிலும் கேட்டிருக்கணும்.”

இதைக் கேட்க வேண்டும் என்று நான் சில வருடங்கள் ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை.

“கேட்டிருந்தாலும் பரிசீலிக்கப்படும்னுதான் சார் சொல்லியிருப்பாங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “வயசுப் பிள்ளைகளுக்கு நர்ஸ் கேட்டீங்களே, அதுக்கு மட்டும் இப்பவும் எனக்கு ஒப்புதல் இல்லை, பாத்துக்கோங்க” என்றார். “தெரியும் சார்” என்றேன்.

அதற்குள் ஒரு கல்யாணக் கூட்டம் பதினைந்து பேராக வந்து நின்றது. அண்ணாச்சி எழுந்து கைகூப்பி, “வாங்க, வாங்க, பொண்ணு யாரு?” என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். நான் கீழே இறங்கிக் கூட்டத்தில் இடிபட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அதிசயமாக பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். மந்தைவெளியில் இறங்க வேண்டியவள், அதையும் தாண்டிப் போய் அடையாறு பாலத்தின் காற்று முகத்தில் அடித்தபோதுதான் விழித்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸுக்காக நின்றேன்.